பாசறையும் பசியும்: பாவோ நின் நாவலில் சிப்பாயின் அன்றாடம்

முல்லைப்பாட்டில் ஒரு பாசறை வருகிறது. 103 அடிகளே உள்ள அந்தப் பாட்டில் ஏறக்குறையப் பாதி அந்தப் பாசறைக்கே போய்விடுகிறது. தமிழ் சிறப்புப் பட்டப் படிப்பில் அதை நாங்கள் படித்தது தலைவியின் ஆற்றியிருத்தலுக்காகத்தான். பரீட்சையில் கேள்வியும் அதில்தான் வரும். இப்போது திரும்ப வாசிக்கும்போது என்னைப் பிடித்து நிறுத்துவது பாசறைதான். காட்டாறு ஓடும் முல்லை நிலம். மழைக்காலம். பிடவமும் மற்றப் பசும் புதர்களும் வெட்டப்படுகின்றன. வேடர்களின் சிற்றரண்கள் அழிக்கப்படுகின்றன. முள்ளை வெட்டி வேலி போடுகிறார்கள். வில்லை ஊன்றி, அம்புக்கூட்டைத் தொங்கவிட்டு, கயிறு இழுத்துக் கூடாரம் அடிக்கிறார்கள். மதங்கொண்ட யானை கரும்பைத் தின்னாமல் நிற்கிறது. பாகர் வடமொழிச் சொல்லைச் சொல்லித் தின்ன வைக்கப் பார்க்கிறார்கள். இடுப்பில் குறுவாள் கட்டிய பெண்கள் விளக்குக்கு எண்ணெய் வார்க்கிறார்கள். நடுச்சாமத்தில் காவல் நிற்கும் முதியவர்கள், காற்றுக்குப் பூங்கொடி ஆடுவது போல, நித்திரை தூங்கி ஆடுகிறார்கள்.

நித்திரை தூங்கி விழும் காவற்காரனைப் புலவர் நப்பூதனார் கவனித்திருக்கிறார். இது சின்ன விஷயம் இல்லை. சண்டை என்பது சில மணித்தியாலம். அதற்கு முன்னும் பின்னும் கிடக்கும் நீண்ட நாட்களில்தான் சிப்பாய் என்ற மனிதன் வாழ்கிறான்: மழையில் நனைகிறான், சோற்றுக்குக் காத்திருக்கிறான், நித்திரைக்கு ஏங்குகிறான். அந்த நாட்களை எழுதாத போர் இலக்கியம் போரின் பெரும்பகுதியை எழுதாமல் விட்டுவிடுகிறது.

ஆனால் அந்தப் பாசறையில் சிப்பாய்க்கு வாய் இல்லை. நித்திரையில்லாமல் புரண்டு யோசிப்பவன் அரசன். வேலால் புண்பட்ட யானை, தின்ற சோற்றுக்குக் கடன் தீர்த்து விழுந்துபோன வீரர்கள், உடம்பில் அம்பு தைத்துத் தீனி எடுக்காமல் செவியைச் சாய்த்து நிற்கும் குதிரை, எல்லாமே அவனுடைய மனதின் ஊடாகத்தான் நமக்கு வருகின்றன. தூங்கி விழுந்த அந்தக் காவற்காரன் என்ன நினைத்தான்? பாட்டு சொல்லவில்லை. அவனுடைய இடத்தில் இருந்துகொண்டு காட்டுப் போரை எழுதினால் எப்படியிருக்கும் என்ற கேள்வியோடுதான் வியட்நாம் எழுத்தாளர் பாவோ நின்னுடைய நாவலை நான் வாசித்தேன்.

நூலும் ஆளும்

1952இல் பிறந்த பாவோ நின் வட வியட்நாம் இராணுவத்தில் இருந்தவர். 1969இல் அவருடைய இளைஞர் படைப்பிரிவில் ஐந்நூறு பேர் போர்முனைக்குப் போனதாகவும், பத்துப் பேரே மிஞ்சியதாகவும் ஆங்கிலப் பதிப்பின் ஆசிரியர் குறிப்பு சொல்கிறது. நாவல் 1990இல் ‘காதலின் விதி’ என்று பொருள்படும் தலைப்பில் வெளியானது. 1991இல் வியட்நாம் எழுத்தாளர் சங்கத்தின் பரிசைப் பெற்றது. பிறகு, வெற்றி பெற்ற ஒரு படையின் கதையை இப்படியா எழுதுவது என்ற கண்டனம் வந்தது. பல ஆண்டுகள் அங்கே மறுபதிப்பு இல்லாமல் கிடந்தது. பான் தான் ஹாவோவின் மொழிபெயர்ப்பை வைத்து அவுஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஃபிராங் பாமஸ் செப்பனிட்ட ஆங்கில வடிவம் ‘த சொரோ ஒஃப் வோர்’ என்ற பெயரில் உலகம் சுற்றியது. ‘போரின் துயரம்’ என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நான் வாசித்ததும் அந்த ஆங்கில நூலைத்தான்.

கதை எளியது, சொல்லும் முறைதான் சிக்கலானது. கியென் என்ற ஹனோய் இளைஞன் பத்து வருடம் போரில் இருந்து திரும்புகிறான். போர் முடிந்த முதல் கோடையில், காணாமற்போன வீரர்களின் உடல்களைத் தேடிச் சேர்க்கும் குழுவில் அதே மத்திய மலைநாட்டுக் காட்டுக்குப் போகிறான். பிறகு நகரத்தில் இருந்து இரவிரவாகக் குடித்துக்கொண்டு நாவல் எழுதப் பார்க்கிறான். எழுதிய தாள்களைக் குழப்பிப் போட்டுவிட்டுக் காணாமற்போகிறான். மேல்மாடியில் வசிக்கும் ஊமைப் பெண்ணொருத்தி அவற்றைப் பாதுகாத்து வைக்கிறாள். பெயரில்லாத இன்னொருவர் அவற்றை வாசித்து நமக்குத் தருகிறார். ஆகவே 1969ஆம் ஆண்டு நடந்தது 1975க்குப் பின்னால் வரும். பாடசாலைக் காதல் குண்டுவீச்சின் நடுவில் வரும். முதல் வாசிப்பில் தலை சுற்றும். இரண்டாம் வாசிப்பில், நினைவு வேறெப்படி வரும் என்று தோன்றும்.

பசி யாருக்கு?

நாவலின் மிகச் சிறந்த பகுதி, காட்டில் ஒளிந்திருக்கும் வேவுக் குழுவின் அன்றாடம்தான். சண்டை ஓய்ந்த மழைக்காலம். மழை நிற்பதே இல்லை. உடுப்பு உடம்பிலேயே உக்குகிறது. மலேரியா, புண், அரைவயிற்றுச் சோறு. செய்வதற்கு வேலை இல்லாதபடியால் நாள் முழுக்கச் சீட்டு விளையாடுகிறார்கள். காட்டில் பூக்கும் ஒரு வகைப் பூவையும் வேரையும் காயவைத்துப் புகையிலையோடு சேர்த்துக் குடிக்கிறார்கள். அந்தப் புகையில் ஒவ்வொருவனும் தனக்கு வேண்டியதைக் கனவு காண்கிறான்: ஒருவனுக்குச் சாப்பாடு, ஒருவனுக்குப் பெண். பழக்கம் றெஜிமென்ட் முழுக்கப் பரவ, அரசியல் அதிகாரி அந்தச் செடிகளைப் பிடுங்கி அழிக்கச் சொல்லிக் கட்டளை போடுகிறார். ஒரு படையின் உள்நிலையைச் சொல்ல இதைவிட நல்ல வழி இல்லை. எதிரியைத் தேடிப் போக வேண்டிய நேரத்தில் பூச்செடியைத் தேடிப் போகிறார்கள்.

இந்த இடத்தில் நம்முடைய மரபை ஒருதரம் நினைத்துப் பார்க்கலாம். கலிங்கத்துப்பரணியில் களத்திலே பசித்திருப்பதும், கூழ் அடுவதும், பங்கிட்டுக் குடிப்பதும் பேய்கள். வெட்டிய வீரனுக்கும் பசி இல்லை, விழுந்த வீரனுக்கும் பசி இல்லை. பசி முழுவதையும் பேய்களிடம் கொடுத்துவிட்டு வீரத்தை மட்டும் மனிதனிடம் வைத்துக்கொள்கிறது அந்த நூல். நமது இஸ்லாமியத் தமிழ் மரபில் தனி வகையாகவே வளர்ந்த படைப்போர்களும் பெரும்பாலும் இந்த வழியில்தான் போயின. ‘சக்கூன் படைப்போர்’, ‘ஐந்து படைப்போர்’ ஆகியவற்றை ஓதக்கேட்டு உருகிய ஒரு தலைமுறை நம் ஊர்களில் இருந்தது. அவற்றின் ஓசையும் வேகமும் தனி, சும்மா சொல்லக்கூடாது. ஆனால் படையின் அன்றாடத்தைத் தேடி அவற்றுக்குள் போனால் கிடைப்பது மிகக் குறைவு.

இதில் ஒரு வியப்பு இருக்கிறது. படைப்போர்களின் மூலமான ஸீரா வரலாற்றில் அந்த அன்றாடம் நிறையவே பதிவாகியிருக்கிறது. ஹிஜ்ரி 5இல் நடந்த ஹந்தக் யுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாள் வீச்சைவிட மண் வெட்டியதுதான் அதில் கூட. நபி (ஸல்) அவர்களும் ஸஹாபாக்களும் பசிக்கு வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டு அகழ் தோண்டுகிறார்கள். குளிர்காற்று வீசிய இரவொன்றில் எதிரிப் பாளயத்துக்குப் போய்த் தகவல் கொண்டுவர யார் தயார் என்று நபியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒருவரும் எழும்பவில்லை. கடைசியில் ஹுதைபா (ரழி) அவர்களைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டியிருக்கிறது. அறிவித்தவரும் அதே ஹுதைபாதான். தங்களுடைய பசியையும் குளிரையும் தயக்கத்தையும் மறைக்காமல் அடுத்த தலைமுறைக்குச் சொன்ன மனிதர்கள் அவர்கள். அந்த நேர்மையைத் தமிழில் பாடியவர்கள் வீரத்தின் சத்தத்தில் தவறவிட்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

பாவோ நின்னுக்கும் நேர்ந்தது இதற்கு நெருக்கமானதுதான். அவருடைய நாட்டிலும் ஒரு ‘படைப்போர்’ மரபு இருந்தது: தளராத வீரன், சிரித்துக்கொண்டு சாகும் தோழன். கியெனின் குழுவில் இருப்பவர்கள் வேறு மாதிரி. கான் என்ற கிராமத்துப் பையன் களைத்துப்போகிறான். கோழை இல்லை, நன்றாகச் சண்டை பிடித்தவன்தான். வீட்டில் இருக்கும் தாயை நினைத்து ஓடிப்போகிறான். தேடிப்போனவர்கள் காட்டுக்குள் அழுகிய உடலைத்தான் காண்கிறார்கள். அதற்குப் பிறகு ஒருவரும் அவன் பெயரைச் சொல்வதில்லை. தின் என்ற இன்னொருவன் இறைச்சிக்காகப் பெரிய குரங்கொன்றைச் சுடுகிறான். மயிரை நீக்கிப் பார்த்தால் புண் பிடித்த பெண்ணொருத்தியின் உடம்பு போல் கிடக்கிறது. பசியோடு இருந்தவர்கள் அதைத் தின்னவில்லை. மனிதருக்குப் போல் குழி வெட்டி அடக்குகிறார்கள். இந்த இரண்டு சம்பவத்திலும் துவக்குச் சண்டை இல்லை. ஆனால் போர் மனிதனை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது என்பதை நாவலின் எந்தச் சண்டைக் காட்சியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை.

சீட்டுக்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. கூட விளையாடியவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சாகிறார்கள். 1975 ஏப்ரல் 30, போர் முடிய இன்னும் சில மணித்தியாலம் இருக்கிறது. சைகோன் விமான நிலையத் தாக்குதலுக்கு முன் து என்ற தோழன் கட்டைக் கியெனின் கையில் கொடுக்கிறான். அவனும் அங்கே முடிந்துபோகிறான். கொடி ஏறுவதை எழுத வேண்டிய இடத்தில் பாவோ நின் பழைய சீட்டுக்கட்டு ஒன்றை எழுதினார். அவருடைய நாட்டில் சிலருக்குக் கோபம் வந்ததில் ஆச்சரியம் இல்லை.

அடக்கப்படாதவர்கள்

கியெனின் 27ஆம் பட்டாலியன் 1969இல் ஒரு காட்டு வெளியில் சுற்றிவளைக்கப்பட்டு, நேபாம் நெருப்பில் அழிகிறது. தளபதி தன்னைத்தானே சுட்டுக்கொள்கிறார். பிறகு மழை வந்து உடல்களின் மேல் வெள்ளம் நிற்கிறது. தப்பியவர் பத்துப் பேர். அதிலிருந்து அந்த இடத்துக்கு ‘ஓலமிடும் ஆவிகளின் காடு’ என்று பெயர் வந்துவிடுகிறது. இரவில் சத்தம் கேட்கிறது என்கிறார்கள். தலையில்லாதவர்கள் நடப்பதைக் கண்டோம் என்கிறார்கள். உடல் சேர்க்கும் குழு லொறியில் அந்தக் காட்டுக்குள் தங்கும் இரவோடுதான் நாவலே தொடங்குகிறது.

நமது அகீதாவின்படி இறந்தவரின் ரூஹ் காட்டில் அலைவதில்லை. அது பர்ஸக்கில் இருக்கிறது. ஆகவே ஒரு முஸ்லிம் வாசகர் இந்த ஆவிகளை எப்படி வாசிப்பது? கட்டுக்கதை என்று தள்ளிவிட்டுப் போகலாம். அப்படிப் போனால் நாவலின் பாதி போய்விடும். எனக்கு உதவியது ஜனாஸா பற்றிய நமது சட்டம். மையித்தைக் குளிப்பாட்டி, கபனிட்டு, தொழுவித்து, அடக்குவது பர்ளு கிபாயா. ஊரில் சிலர் செய்தால் எல்லார் மேலிருந்தும் கடமை நீங்கும். ஒருவரும் செய்யாவிட்டால் எல்லாரும் குற்றவாளி. போர்க்களத்தில் ஷஹீதானவருக்குக் குளிப்பாட்டல் இல்லை. உஹதில் விழுந்தவர்கள் அந்த இரத்தத்தோடேயே அடக்கப்பட்டார்கள். ஆனால் அடக்கம் அங்கேயும் விடப்படவில்லை. நபியவர்கள் நின்று அடக்குவித்தார்கள்.

இதை மனதில் வைத்து வாசித்தால் கியெனின் காட்டில் ஓலமிடுவது நிறைவேறாத ஒரு கூட்டுக் கடமை என்று விளங்கும். அரசு வெற்றி விழாவுக்குப் போய்விட்டது. தலைநகரில் இசை. காட்டில் ஒரு லொறியும் சில மனிதரும் எலும்பு பொறுக்குகிறார்கள். ஊர் செய்ய வேண்டியதைச் செய்யாதபடியால், அந்தப் பாரம் முழுவதும் உயிரோடு மிஞ்சிய ஒருவனின் தலைக்குள் இறங்கிவிட்டது. அவன் எழுதுவது அதனால்தான். உடல் கிடைக்காதவர்களுக்கு அவன் தாளில் கபுறு வெட்டுகிறான். கபுறில்லாத மரணங்களை நம் நாட்டில் எல்லாச் சமூகமும் கண்டிருக்கிறது. திகதி வைத்து ஓத வழியில்லாமல், கபுறடியில் நின்று ஸியாரத் செய்ய இடமில்லாமல் இருக்கும் குடும்பங்களுக்கு இந்தப் பக்கங்களை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

“ஆமிக்காரன்ட கதய நாம என்னத்துக்கு வாசிக்கணும்?”

இந்த நாவலைப் பற்றி ஆசிரியர் ஓய்வறையில் பேசியபோது சக ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது. “துவக்கோட வந்தவனுக்கு மழையில நனைஞ்சா என்ன, பசிச்சா என்ன? நம்மட ஆக்கள்ட பசிய யார் எழுதினது?” என்றார். கேள்வி நியாயமானது. கோபமும் நியாயமானது.

இந்த நாட்டின் போரில் முஸ்லிம்கள் அநேகமாக இரண்டு துவக்குக்கு நடுவில் நின்றவர்கள். 1990ஐ நினைத்தால் போதும்: ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்கள், ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றம். நமது கவிதையும் சிறுகதையும் அந்த இழப்பைப் பதிவு செய்தன; இன்னும் செய்ய வேண்டியது கிடக்கிறது. அந்த எழுத்துகளில் ஆயுததாரிக்குப் பெரும்பாலும் முகம் இல்லை. இருட்டில் வருகிறான், கதவைத் தட்டுகிறான், போகிறான். அனுபவம் அப்படித்தான் இருந்தது. எழுத்தும் அப்படித்தான் இருக்கும்.

ஆனாலும் நான் அந்த நண்பருக்குச் சொன்ன பதிலை இங்கேயும் சொல்கிறேன். முகமில்லாதவனைப் பேய் என்று சொல்லிவிடலாம். பேய்க்குக் கேள்வி கணக்கு இல்லை. நமது மார்க்கத்தில் புத்தியுள்ள, பருவமடைந்த மனிதனுக்குக் கேள்வி கணக்கு உண்டு. புத்தி பேதலித்தவனிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுவிடுகிறது. அவனுடைய செயல் எழுதப்படுவதில்லை. சிப்பாய்க்குப் பசித்தது, தாயை நினைத்து அழுதான், தோழனைப் புதைத்தான் என்று காட்டும்போது அவன் கேள்விக்குரிய மனிதன் என்பது நிரூபணமாகிறது. அழத் தெரிந்தவனுக்குத் தான் என்ன செய்கிறேன் என்பதும் தெரிந்திருக்கும். ஆகவே சிப்பாயின் அன்றாடத்தை வாசிப்பது அவனை மன்னித்து விடுவதற்கான ஏற்பாடு என்று பயப்படத் தேவையில்லை. கணக்குக் கேட்பதற்கு ஆளைச் சரியாக அடையாளம் காண்பது அது.

பாவோ நின் இதை அறிந்தே எழுதியிருக்கிறார். சைகோன் விமான நிலையக் காட்சி அதற்குச் சாட்சி. வெற்றி பெற்ற வீரர்கள் உள்ளே சாப்பிட்டுக் குடித்துக் கொண்டாடுகிறார்கள். நிர்வாணமாகக் கிடக்கும் ஒரு பெண்ணின் பிரேதத்தில் ஒருவனுக்குக் கால் தடுக்குகிறது. கோபத்தில் அந்த உடலை இழுத்துக்கொண்டுபோய் வெளியே எறிகிறான். குரங்கைக்கூட அடக்கம் செய்த மனிதர்களின் படை அதே படைதான். காட்டில் எழுதிய பசியும் மழையும் இந்த இடத்தில் அவர்களுக்காக வக்காலத்து வாங்கவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொள்கிறார். நாவலின் அறம் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

குறைகள்

பாராட்டியதோடு நிறுத்தினால் விமர்சனம் ஆகாது. இரண்டு குறை சொல்ல வேண்டும்.

முதலாவது, பெண்கள். ஹோவா என்ற வழிகாட்டிப் பெண், காயக்காரர்களைக் காப்பாற்றுவதற்காக அமெரிக்கச் சிப்பாய்களைத் தன் பக்கம் இழுத்து, சிதைக்கப்பட்டுச் சாகிறாள். காட்டுப் பண்ணை வீடொன்றில் தனித்திருந்த மூன்று பெண்களைத் தேடி வேவுக் குழுவினர் இரவில் போய் வருகிறார்கள். தலைவனான கியென் தெரிந்தும் தெரியாதவன் போல் இருக்கிறான். அந்த மூவரையும் எதிரிக் கமாண்டோக்கள் கொன்றுவிடுகிறார்கள். காதலி புவொங் போருக்கே போகாமல் போரால் நாசமாகிறாள். இவ்வளவு பெண்கள் வந்தும் ஒருத்தியின் அன்றாடமாவது நமக்குக் கிடைக்கிறதா? அந்த மூன்று பெண்கள் என்ன சமைத்தார்கள், எதற்குப் பயந்தார்கள், இந்த வீரர்களைப் பற்றித் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள்? ஒன்றும் இல்லை. எல்லாரும் கியெனுடைய துயரத்துக்கு எண்ணெயாக வந்து எரிந்துபோகிறார்கள். அவனுடைய தாள்களைக் காப்பாற்றும் பெண்ணைக்கூட ஆசிரியர் ஊமையாகத்தான் வைத்திருக்கிறார். நப்பூதனார் தன் சிப்பாய்க்குச் செய்ததை பாவோ நின் தன் பெண்களுக்குச் செய்துவிட்டார்: காட்டினார், பேசவிடவில்லை.

இரண்டாவது, எதிர்ப்பக்கத்து வியட்நாமியர். தென்னிலும் அதே மொழி பேசும் சிப்பாய்கள் அதே மழையில் நனைந்தார்கள். அவர்கள் நாவலில் பெரும்பாலும் சுடப்படவும் சுடவும் மட்டும் வருகிறார்கள். ஒரு முன்னாள் வீரன் தன் பக்கத்தை மட்டும் எழுதுவது இயல்பு என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் இவ்வளவு தூரம் துணிந்து வந்தவர் இன்னும் ஓரடி வைத்திருக்கலாம்.

மொழியைப் பற்றியும் ஒரு சொல். ஆங்கிலத்தில் சில இடங்களில் சோகம் அளவுக்கு மிஞ்சி வழிகிறது. ‘துயரம்’, ‘ஆன்மா’ போன்ற சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. மூலத்தில் அது எப்படி ஒலிக்கும் என்பதை வியட்நாமிய மொழி அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். எனக்கு நெஞ்சில் நின்றவை அந்தச் சொற்கள் வராத இடங்கள்தான்: உக்கிப்போன உடுப்பு, கைமாறிய சீட்டுக்கட்டு, பெயர் சொல்லப்படாத கான்.

நமக்கான வேலை

படைப்போர் என்ற வகையைத் தமிழுக்குக் கொடுத்தவர்கள் முஸ்லிம் புலவர்கள். அந்த வகை நின்றுபோய்விட்டது, போர் நின்றபாடில்லை. உலகின் எந்தப் பகுதியில் சண்டை நடந்தாலும் இன்றைக்கு அது நம் கைத்தொலைபேசிக்குள் வந்து விழுகிறது. அதைப் பார்க்கும் நம் பிள்ளைகள் ஒன்றில் பழைய படைப்போர்க்காரனைப் போல ஆர்ப்பரிக்கிறார்கள், அல்லது விரலால் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போகிறார்கள். இரண்டிலும் மனிதன் தெரிவதில்லை. ஹந்தக்கின் குளிர் இரவையும், முல்லைப்பாட்டின் தூங்கி விழும் காவற்காரனையும், கியெனின் மழைக்காலத்தையும் ஒரே பாடவேளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கற்பித்தால் என்ன என்று எனக்குத் தோன்றுகிறது. பாடத்திட்டம் இடம் தராவிட்டால் வாசிப்பு வட்டங்கள் செய்யலாம்.

எழுதுகிறவர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. நமது ஊர்களின் போர்க்கால அன்றாடம் இன்னும் முழுதாக எழுதப்படவில்லை: ஊரடங்கு நாட்களின் அடுப்பு, அகதி முகாமின் தண்ணீர் வரிசை, சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நின்ற வாப்பாமார், அந்த அட்டையை வாங்கிப் பார்த்த கை. அந்தக் கைக்கு உரியவனுக்கும் ஒரு மழைக்காலம் இருந்திருக்கும். எழுதும்போது அவனையும் மனிதனாகவே எழுத வேண்டும். ஏனென்றால் மஹ்ஷரில் நம்மோடு நிற்கப்போவதும், கேள்வி கேட்கப்படப்போவதும் மனிதர்கள்தான்.